ஹோம் கேர் நர்ஸ் வேலைக்கு மாறுகிறீர்களா? வார்டில் கற்ற திறமை மழுங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? - முழு விவரம்

"வார்டு முழுக்க ஓட வேண்டாம், ஒரே ஒரு நோயாளிதான், கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்." ஹோம் கேர் நர்ஸ் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் சொல்வது இதைத்தான். இது பாதி உண்மை.

மீதிப் பாதி, நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறும்போதுதான் தெரியும். கூப்பிட்டால் ஓடிவர பக்கத்து வார்டு சிஸ்டர் இருக்க மாட்டார். டியூட்டி டாக்டர் இருக்க மாட்டார். அவசர மருந்துகள் அடுக்கிய டிராலியும் இருக்காது. இருப்பது நர்ஸும், பதறிப்போன குடும்பமும், ஒரு செல்போனும்தான்.

அந்த நேரத்தில் கை தானாக வேலை செய்ய வேண்டும். ஆனால், மாதக்கணக்கில் செய்யாத வேலையைக் கை மறந்துவிடும். ஹோம் கேர் வேலையில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான். அதை எப்படிச் சமாளிப்பது, சேரும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது, பின்னாளில் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டுமென்றால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹோம் கேர் நர்ஸுக்கு இவ்வளவு தேவை ஏன்?

முதல் காரணம், வயதானவர்களின் எண்ணிக்கை. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட முதியோர் பற்றிய அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு அதிகமுள்ள மாநிலம் கேரளா (16.5 சதவீதம்). அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு (13.6 சதவீதம்). பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, அம்மா அப்பா மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே சாதாரணம்.

இரண்டாவது, மருத்துவமனைச் செலவு. பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், தொண்டையில் டியூப் வைத்தவர் என்று நீண்ட நாள் பராமரிப்பு தேவைப்படுபவர்களை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்கக் குடும்பங்களால் முடிவதில்லை. நிலைமை சீரானதும் டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, அரசே வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தரப்படுகின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகளும் கொடுக்கிறார்கள். தொற்றா நோய்களுக்கான ஐ.நா. அமைப்புகளின் கூட்டுக்குழு 2024-ல் இந்தத் திட்டத்துக்கு விருது வழங்கியது.

ஆக, வேலை வாய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால், வீட்டுக்கு வரும் நோயாளிகள் முன்னைப்போல 'லேசான கேஸ்'களாக இல்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

நர்ஸ் யார், உதவியாளர் யார்?

வீட்டுக்கு வருபவர் யாராக இருந்தாலும் 'ஹோம் நர்ஸ்' என்று அழைப்பது நம் ஊர் வழக்கம். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தவரே பதிவு பெற்ற செவிலியர். 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கவுன்சில் இது.

குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, டயாப்பர் மாற்றுவது, நடக்கக் கைகொடுப்பது போன்றவற்றைப் பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யலாம். ஊசி போடுவது, சிரை வழியாக மருந்து ஏற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது போன்றவை டாக்டரின் எழுத்து உத்தரவின் பேரில் செவிலியர் செய்ய வேண்டியவை.

இந்தக் கோடு வீட்டில் சுலபமாக அழிந்துவிடும். ஒருபக்கம், நர்ஸாக வந்தவரைச் சமையலுக்கும் துணி துவைக்கவும் கூப்பிடுவார்கள். இன்னொரு பக்கம், "போன தடவை டாக்டர் எழுதின ஊசிதானே சிஸ்டர், இன்னொன்னு போட்டு விட்டுடுங்க" என்பார்கள். இரண்டுமே ஆபத்து. முதலாவதில் நர்ஸின் திறமை வீணாகும், இரண்டாவதில் அவரது பதிவுக்கே சிக்கல் வரும்.

வார்டுக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் தவறவிட்டதை அடுத்த ஷிப்ட் நர்ஸ் பிடித்துவிடுவார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கவனிப்பார். மருந்தகத்தில் ஒருவர் சீட்டைச் சரிபார்ப்பார். வீட்டில் இந்த வலைகள் எதுவும் இல்லை. கவனிப்பதும் முடிவெடுப்பதும் ஒரே ஆள்.

அதனால் வீட்டு வேலையில் சில திறமைகள் நன்றாகவே கூர்மையாகும். படுக்கைப்புண் பராமரிப்பு, குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரே நோயாளியின் சின்ன மாற்றத்தைக் கூடக் கண்டுபிடிப்பது ஆகியவற்றில் அனுபவமுள்ள ஹோம் கேர் நர்ஸ், வார்டு நர்ஸை விட ஒரு படி மேலே இருப்பார்.

மழுங்குவது வேறு வகைத் திறமை. அடிக்கடி தேவைப்படாது, ஆனால் தேவைப்படும்போது விநாடிக் கணக்கில் செய்தாக வேண்டும். நெஞ்சழுத்தம் கொடுப்பது, கழன்ற தொண்டை டியூபைச் சமாளிப்பது, சிரையில் ஊசிக்குழாய் ஏற்றுவது, மருந்தின் அளவைக் கணக்குப் போடுவது எல்லாம் இதில் வரும். சி.பி.ஆர். பயிற்சி எடுத்தவர்களிடம் 3 முதல் 6 மாதத்துக்குள்ளேயே திறமை குறையத் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கம் அவ்வளவு நாள் தாங்காது.

மழுங்க விடக்கூடாத 6 திறமைகள்

1. நெஞ்சழுத்தம்

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக்கூடாது. 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு. எண்கள் எல்லோருக்கும் தெரியும். கைதான் மறக்கும்.

வீட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நோயாளி படுத்திருப்பது பெரும்பாலும் பஞ்சு மெத்தை அல்லது காற்று மெத்தை. அதன் மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. ஆளைத் தரைக்கு இறக்க முடியுமா, யார் கைகொடுப்பார், மெத்தையின் காற்றை இறக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதை டியூட்டியின் முதல் நாளே பார்த்து வைக்க வேண்டும். 108-ஐ அழைப்பது யார், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் பயிற்சி செய்ய வாய்ப்பு உண்டா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். இல்லையென்றால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பயிற்சி மையத்தில் பொம்மையை வைத்துச் செய்துபார்க்கலாம்.

2. நிலைமை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது

வீட்டில் ஒருவரின் நிலை ஒரேயடியாகக் கவிழ்வது குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை எண்ணாக மாற்றிப் பார்க்க ஒரு வழி, பிரிட்டனின் ராயல் மருத்துவர்கள் கல்லூரி 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' ஸ்கோர். மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு நிலை, காய்ச்சல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 5 வந்தால் அவசரமாக டாக்டரின் கவனம் தேவை. 7-ஐத் தொட்டால் அவசர சிகிச்சை.

ஓர் உதாரணம். நோயாளிக்கு நிமிடத்துக்கு 24 மூச்சு, ஆக்சிஜன் 93, நாடித்துடிப்பு 112, காய்ச்சல் 100.8 டிகிரி ஃபாரன்ஹீட், ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 112. கூடுதல் ஆக்சிஜன் இல்லை, பேச்சும் தெளிவாக இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் "லேசா காய்ச்சல், கொஞ்சம் களைப்பு" என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் 2 + 2 + 2 + 1 = 7. ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நிலை.

இதில் பலரும் எண்ணாமல் விடுவது மூச்சை. ஆக்சிஜன் மீட்டரும் பி.பி. மெஷினும் தானாக எண்ணைக் காட்டிவிடும். மூச்சைக் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதற்குச் சோம்பல்படாமல் இருப்பதே ஒரு திறமை.

நாள்பட்ட சி.ஓ.பி.டி. நுரையீரல் நோயாளிகளில், ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கே வேறு. டாக்டர்கள் வழக்கமாக 88 முதல் 92 சதவீதம் வரை வைக்கச் சொல்வார்கள். '98 வரட்டுமே' என்று கான்சன்ட்ரேட்டரைக் கூட்டி வைப்பது அவர்களுக்கு ஆபத்து. ஒவ்வொரு நோயாளியின் இலக்கையும் டாக்டரிடம் எழுதி வாங்கி வைப்பது நல்லது.

3. இன்சுலின் கணக்கு

இந்திய வீடுகளில் இரண்டு விதமான இன்சுலின் புழங்குகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் என்ன ஆகும்?

டாக்டர் எழுதியது 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

• 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு.
• 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், போவது வெறும் 8 யூனிட்.

பேனா இன்சுலின் ஊசி தீர்ந்துபோன நேரத்தில், பேனாவின் மருந்தை வீட்டில் கிடக்கும் சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கும்போது இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து சரிபார்க்கும் வழக்கம் உண்டு. வீட்டில் அந்த இரண்டாவது ஆள் குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம். பாட்டிலின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

4. தொண்டை டியூபும் மூக்கு டியூபும்

தொண்டையில் டியூப் வைத்த நோயாளிக்குச் சளி உறிஞ்சும்போது ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக்கூடாது. நர்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து பார்த்தால் அந்த நேரம் எவ்வளவு என்பது புரியும். படுக்கை அருகில் அதே அளவு டியூப் ஒன்று, ஒரு அளவு சின்னது ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கழன்றுவிட்டால் என்ன செய்வது என்பதை அந்த நோயாளியின் டாக்டரிடம் முன்பே கேட்டு, எழுதி ஒட்டி வைப்பது அவசியம். டியூப் வைத்து எத்தனை நாளாகிறது, மேல் மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும்.

உணவுக்கான மூக்கு டியூபில், காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பக்கூடாது. உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைத் தாளில் பார்த்து, 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று உறுதி செய்வதே இப்போதைய வழிகாட்டுதல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் ஏறி நிற்கலாம். டியூபில் போட்ட அடையாளக் கோடு நகர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் உணவு கொடுக்காமல் நிறுத்திவிட்டு டாக்டரை அழைப்பதே சரி. உணவு கொடுக்கும்போதும், முடிந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

5. சிரை ஊசியும் ஒவ்வாமையும்

ஆன்டிபயாடிக்கை வீட்டிலேயே ஏற்றச் சொல்லி டிஸ்சார்ஜ் செய்வது இப்போது சகஜம். புது மருந்தின் முதல் டோஸை மருத்துவமனையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் நர்ஸ் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கடுமையான ஒவ்வாமை வந்தால் முதல் மருந்து அட்ரினலின்தான். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அளவு பற்றி டாக்டரின் எழுத்து உத்தரவும், மருந்தும் கையில் இல்லாமல் வீட்டில் சிரை வழி ஆன்டிபயாடிக் தொடங்குவது சரியல்ல.

6. டயாலிசிஸ் பையும் சிறுநீர் பையும்

வயிற்று வழி டயாலிசிஸில் வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக வந்தால் வயிற்றின் உள்சவ்வில் தொற்று என்று சந்தேகித்து உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பையைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்கு எடுத்து வைப்பது உதவும். சிறுநீர் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது பையை மடியில் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பையில் உள்ள சிறுநீர் திரும்பி உள்ளே போக அதுவே வழி.

டாக்டருக்கு போனில் எப்படிச் சொல்வது?

"டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்காரு" என்று சொன்னால், மறுமுனையில் "சரி, பாருங்க, காலைல சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். நோயாளியை டாக்டர் பார்க்கவில்லை. நர்ஸின் வார்த்தைதான் அவருக்குக் கண். அதனால் நான்கு படிகளாகச் சொல்வது உலகம் முழுக்க இருக்கும் நடைமுறை:

• இப்போது என்ன பிரச்சினை
• நோயாளியின் பின்னணி என்ன
• நர்ஸ் பரிசோதித்ததில் தெரிந்தது என்ன
• என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்

"78 வயசு ஆண், பக்கவாதம், மூக்கு டியூப் இருக்கு. மதியத்துல இருந்து மூச்சு 24, ஆக்சிஜன் 93, காய்ச்சல் 100.8. வலது நுரையீரல்ல சத்தம் மாறியிருக்கு. உணவு உள்ள போயிருக்குமோன்னு சந்தேகம். ஃபீடிங்கை நிறுத்திட்டேன், 108-ஐக் கூப்பிடச் சொல்லிட்டேன். வர்ற வரைக்கும் வேற என்ன செய்யணும் டாக்டர்?" என்று சொன்னால் முப்பது விநாடியில் முடிவு கிடைக்கும். வாய்வழி உத்தரவைத் திருப்பிப் படித்துக் காட்டி, நேரத்துடன் எழுதி, பிறகு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

மருத்துவமனைத் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க வழிகள்

பல நர்ஸ்களின் கவலை இது: "ரெண்டு வருஷம் ஹோம் கேர்ல இருந்துட்டா, அப்புறம் ஆஸ்பத்திரியில எடுப்பாங்களா?" கவலையில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைகளுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் அண்மைக்கால மருத்துவமனை அனுபவத்தையே கேட்கிறார்கள். அதனால் வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் மாறுவதற்கு முன்பே, போக நினைக்கும் நாட்டின் நிபந்தனையைப் பார்த்துவிடுவது நல்லது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. அதன் அறிவிப்புகளைப் படித்தாலே எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே மாறியவர்கள் செய்யக்கூடியவை:

• மாதத்தில் ஒன்றிரண்டு ஷிப்டாவது பக்கத்து நர்சிங் ஹோமில் வேலை செய்ய முடியுமா என்று கேட்கலாம். ஹோம் கேர் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.
• தனியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் என்ன செய்முறை, எத்தனை முறை, என்ன சிக்கல் வந்தது என்று எழுதி வரவேண்டும். நோயாளியின் பெயர், முகவரி அதில் இருக்கக்கூடாது. இன்டர்வியூவில் 'ஹோம் கேர்' என்ற ஒரு வார்த்தையை விட, '40 முறை சிறுநீர் டியூப் மாற்றியது' என்ற கணக்குக்கு மதிப்பு அதிகம்.
• அந்த நோட்டைப் புரட்டி, மூன்று மாதமாக எதைச் செய்யவே இல்லை என்று பார்க்க வேண்டும். அடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டியது அதில்தான்.
• பழைய வார்டு தோழிகளோடு பேச்சு விடக்கூடாது. மருந்து, கருவி, நடைமுறை மாறியது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

பதிவும் படிப்பும்

5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பது, அதற்குள 150 மணி நேரத் தொடர் கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு வகுப்புகள் அங்கேயே நடந்துவிடும். வீட்டுக்கு வீடு போகும் நர்ஸ் தானாகத் தேடிப் போக வேண்டும். கடைசி ஆண்டில் ஓடாமல், ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது. வகுப்பில் சேரும் முன், அந்த மணி நேரத்தைக் கவுன்சில் ஏற்குமா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். 1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் மாறக்கூடும் என்பதால் கவுன்சில் அறிவிப்புகளை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

இந்த வேலைக்கு நேரடியாகக் கைகொடுக்கும் படிப்புகளும் உண்டு. முதியோர் செவிலியத்தில் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையில் செவிலியர்களுக்கான குறுகிய காலச் சான்றிதழ் படிப்பை திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா போன்ற அமைப்புகள் நடத்துகின்றன.

சேரும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

• ஷிப்ட் 12 மணி நேரமா, 24 மணி நேரமா? 24 மணி என்றால் தூங்கும் நேரம் எவ்வளவு, மாற்று ஆள் யார்?
• இரவு 2 மணிக்கு அழைத்தால் போனை எடுக்கும் டாக்டர் அல்லது மூத்த நர்ஸ் யார்?
• முதல் நாள் நோயாளியை ஒப்படைக்க யாராவது கூட வருவார்களா?
• தெரியாத கருவி இருக்கும் வீடு என்றால் மறுக்க உரிமை உண்டா?
• கையுறை, முகக்கவசம், ஊசி போடும் டப்பா யார் தருவார்கள்?
• நியமனக் கடிதம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தொழில் காப்பீடு உண்டா?

அசல் சான்றிதழ்களை "வச்சுட்டுப் போங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசல் மாட்டிக்கொண்டால் வேறு வேலைக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும்.

நர்ஸின் பாதுகாப்பு

தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகும் வேலை இது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பு வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும் அதில் அடக்கம். நிறுவனத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181.

ஊசி குத்திவிட்டால், மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஓடிவருவார். வீட்டில் நர்ஸ்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 3 தவணையும் முடித்திருப்பது வேலையில் சேரும் முன்பே அவசியம். ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடாமல், குத்திக் கிழியாத கெட்டி டப்பாவில் போட்டுச் சேர்த்து, நிறுவனத்தின் வழியாக ஒப்படைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் வீசினால் அடுத்து குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

குடும்பங்கள் கவனிக்க

நர்ஸ் அனுப்பச் சொல்லிக் கேட்கும்போது கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நோயாளிக்கு என்னென்ன டியூப், என்னென்ன கருவி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "சின்ன கேஸ்தான்" என்று சொல்லி வரவழைத்துவிட்டு, வந்தபின் தொண்டை டியூபைக் காட்டினால் ஆபத்து உங்கள் நோயாளிக்குத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, டாக்டரின் எண் மூன்றும் நர்ஸின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர் பயிற்சிக்காக மாதம் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அன்றைக்கு அவர் பழகிவரும் வேலை, ஒரு நாள் உங்கள் வீட்டில்தான் தேவைப்படும்.